முப்பது நாளா, தொண்ணூறு நாளா, ஆறு மாதமா? மலையிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போகும் வணிகவியல் மாணவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் பக்கம் பி.பி.ஏ., பி.காம்., எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்து வர மூன்று வழிகள் உண்டு. கல்லூரியே கூட்டிப்போகும் ஐந்தாறு நாள் ஸ்டடி டூர். மூன்று முதல் ஆறு வாரம் வரை நடக்கும் சம்மர் ஸ்கூல். ஒரு முழு செமஸ்டரை அங்கேயே படித்து முடிக்கும் எக்ஸ்சேஞ்ச். முழுப் பட்டமும் அங்கேயே படிப்பது வேறு கணக்கு. அதை இங்கே தொடவில்லை.

பேச்சு எழுந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி "எந்த நாடு?" இரண்டாவது "எவ்வளவு ஆகும்?" இந்த இரண்டுக்கும் பதில் தேடும் முன் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நாட்களை எண்ணுவது நல்லது. எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் விசா மாறுகிறது, காகிதம் மாறுகிறது, செலவும் மாறுகிறது.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் மூன்று: 30, 90, 180.

சிங்கப்பூரில் படிப்பு 30 நாளுக்குள் முடிந்தால் ஸ்டூடன்ட் பாஸ் வேண்டாம். சுற்றுலாப் பயணிக்குத் தரும் விசிட் பாஸிலேயே வகுப்பில் உட்காரலாம். இறங்கும்போது விசிட் பாஸில் 30 நாளைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தால், அந்தக் குறைந்த கெடுவுக்குள் முடிய வேண்டும். இந்தச் சலுகை வகுப்புக்கு மட்டும்தான், இன்டர்ன்ஷிப்புக்குக் கிடையாது. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் வரை குறுகிய கால விசாவில் இருக்கலாம். பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை தங்கி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படிக்கலாம். வேலை பார்க்க முடியாது.

அமெரிக்காவை இந்த ஒப்பீட்டில் ஓரமாக வைத்துவிடலாம். விசிட்டர் விசாவில் போய் கிரெடிட் தரும் படிப்பை, அதாவது பட்டக் கணக்கில் சேரும் படிப்பை, படிக்க அங்கே அனுமதி இல்லை. எக்ஸ்சேஞ்ச் என்றால் ஜே-1 விசா, அதற்கு அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பும் டி.எஸ்.-2019 படிவம், தனியாக 220 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம். குறுகிய கால வரவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

ஸ்டடி டூர்: கடல் கடந்த ஐவி

நம் கல்லூரிகளில் ஐவி, அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட், என்றால் எல்லோருக்கும் தெரியும். கோவையில் ஒரு மில், கொச்சியில் ஒரு துறைமுகம், திரும்பும் வழியில் ஒரு தீம் பார்க். வெளிநாட்டு ஸ்டடி டூர்களில் பெரும்பாலானவை இதே ஐவிதான். பாஸ்போர்ட் மட்டும் கூடுதல். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பு ஆகிய ஊர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

இதில் பணம் கட்டும் முன் நிகழ்ச்சி நிரலை வாங்கி, பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் மணி நேரத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக் கூட்டிப் பாருங்கள். ஆறு நாள் பயணத்தில் "கேம்பஸ் விசிட்" என்று இரண்டு மணி நேரம், "இன்டராக்‌ஷன் வித் ஃபேகல்ட்டி" என்று ஒன்றரை மணி நேரம், ஆக மூன்றரை மணி நேரம்தான் தேறுகிறது என்றால் அது சுற்றுலா. சுற்றுலா போவதில் தப்பில்லை, அதைப் படிப்பு என்று நினைத்துக் கடன் வாங்கிப் போவதுதான் தப்பு. அடுத்து, முடிவில் தரும் சான்றிதழில் யார் கையெழுத்து என்று கேளுங்கள். பிசினஸ் ஸ்கூலின் டீன் அல்லது எக்ஸிகியூட்டிவ் எஜுகேஷன் பிரிவின் தலைவர் போடுகிறாரா, ஏற்பாடு செய்யும் ஏஜென்சியின் டைரக்டர் போடுகிறாரா? சான்றிதழில் பல்கலைக்கழக லோகோ பெரிதாக இருந்து கையெழுத்து ஏஜென்சிக்காரருடையதாக இருந்தால், பயோடேட்டாவில் அதற்கு ஒரு வரி ஒதுக்கலாம், அவ்வளவுதான். மூன்றாவது, அழைப்புக் கடிதம். உண்மையில் வகுப்பு எடுக்கும் துறை, கடிதத்தில் நாள், நேரம், அறை, தொடர்பு ஆசிரியர் பெயர் வரை எழுதித் தரும். பார்வையாளர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக்காட்டும் பிரிவு பொதுவாக ஒரு மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்ளும்.

துபாய், மலேசியா பயணங்களில் "பிரிட்டிஷ் பல்கலைக்கழகம்", "ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம்" என்று எழுதியிருந்தால் அது கிளை வளாகமாக இருக்கலாம். கிளை வளாகம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. நாட்டிங்ஹாம், மொனாஷ் இரண்டுக்கும் மலேசியாவில் முழு வளாகங்கள் உண்டு. எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும் என்பதே விஷயம்.

ஸ்டடி டூரை நாம் முழுக்க ஒதுக்கிவிடச் சொல்லாததற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் மலையின் தொழில் எதுவோ, அதே தொழில் வெளியே எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கு ஐந்து நாள் போதும். நீலகிரிப் பிள்ளைக்கு அது தேயிலை. குன்னூர் ஏலம் 1963இல் தொடங்கியது. கொழும்பு ஏலம் 1883இலேயே தொடங்கிவிட்டது. லண்டன் ஏலம் 1998இல் நின்றுபோனது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள், தேயிலை புரோக்கர் கம்பெனி ஒன்றின் டேஸ்டிங் அறையில் ஒரு நாள் என்று நிரல் போட்டால், குன்னூரில் வீட்டுப் பக்கத்திலேயே நடக்கும் வியாபாரம் பிள்ளைக்குப் புதிதாகத் தெரியும். ஆனால் கூண்டு போன்ற மண்டபத்தில் ஆட்கள் விலை கூவுவதைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். கொழும்பும் 2020 முதல் கணினி ஏலம்தான், நம் குன்னூர் போலவே. துபாய் போகிறவர்கள் ஜெபல் அலியில் 2005 முதல் நடக்கும் டி.எம்.சி.சி. (துபாயின் சரக்கு வணிக மையம்) தேயிலை மையத்தை நிரலில் சேர்க்கச் சொல்லலாம். ஒரு செடிகூட வளராத ஊரில், பல நாட்டுத் தேயிலையைக் கலந்து, பாக்கெட் போட்டு, மறு ஏற்றுமதி செய்கிறார்கள். வணிகவியல் மாணவர் பார்க்க வேண்டிய காட்சி அது. உலகின் உயரமான கட்டடத்தை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதே வழி வேறு பொருளில் பொருந்தும். மலைப்பூண்டுக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அதை வைத்து விலை கூட்டி விற்பது எப்படி என்பது இங்கே இன்னும் பழகாத வித்தை. பிரான்சிலும் இத்தாலியிலும் பாலாடைக் கட்டியையும் ஒயினையும் ஊர்ப் பெயரை வைத்தே விற்கிறார்கள். அதைப் பார்க்க ஸ்டடி டூர் போதாது, சம்மர் ஸ்கூல் வேண்டும்.

சம்மர் ஸ்கூல்: 22 நாள் கணக்கு

எங்கள் கருத்தில், இரண்டு மூன்று லட்சத்துக்குள் ஒரே ஒரு முறைதான் வெளியே போக முடியும் என்ற நிலையில் இருக்கும் பி.பி.ஏ. மாணவருக்கு இதுதான் முதல் தேர்வு. வகுப்பு உண்டு, தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு, கையில் டிரான்ஸ்கிரிப்ட் (அந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல்) வரும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1989 முதல் நடத்திவரும் சம்மர் ஸ்கூலை எடுத்துக்கொண்டால், ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை மூன்று சுற்று, ஒவ்வொன்றும் மூன்று வாரம். ஒரு படிப்புக்கு ஐரோப்பியக் கணக்கில் வழக்கமாக 7.5 கிரெடிட். கோபன்ஹேகன் பிசினஸ் ஸ்கூலின் கோடை வகுப்பு ஆறு வாரம், ஜூன் கடைசியில் தொடங்கும். லண்டன் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 3,000 பவுண்ட் என்பதால் மூன்று லட்சம் அங்கேயே கரைந்துவிடும். தங்குமிடம், டிக்கெட் எல்லாம் அதற்கு மேல். ஆகவே சொன்ன பட்ஜெட்டில் அடங்குவது சிங்கப்பூர், மலேசியா, கட்டணம் குறைந்த ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஆகியவைதான்.

இதில் இடிப்பது காலம். நமக்கு விடுமுறை மே மாதம், ஜூன் நடுவில் கல்லூரி திறந்துவிடும். ஐரோப்பாவின் கோடை வகுப்புகள் ஜூன் நடுவிலோ கடைசியிலோதான் தொடங்கும். அவர்கள் வகுப்பும் நம் வகுப்பும் ஒரே நேரத்தில் ஓடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை கட்டாயம். 68 நாள் இருந்தாக வேண்டும், 22 நாள் போகலாம். மூன்று வார சம்மர் ஸ்கூல், வாரம் ஆறு நாள் வகுப்பு நடக்கும் கல்லூரியில் 18 நாளைத் தின்னும். பயணத்துக்கு இரண்டு நாள் சேர்த்தால் 20. மீதி இரண்டு நாள். நவம்பரில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் வராத நாள், காய்ச்சலில் படுத்த நாள், மாமா வீட்டுக் கல்யாணம் எல்லாம் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். அடங்காது. ஆகவே போகும் முன்பே பிரின்சிபாலிடம் ஓ.டி. (ஆன் டியூட்டி, வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) எழுத்தில் வாங்குங்கள். "போய்ட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்று துறைத் தலைவர் வாயால் சொல்வது அக்டோபரில் வருகைப் பட்டியல் ஒட்டும்போது உதவாது. ஆறு வாரப் படிப்பு என்றால் ஓ.டி. இல்லாமல் நினைத்தே பார்க்க வேண்டாம்.

இந்த இடிப்பே இல்லாமல் போக வேண்டுமென்றால் சிங்கப்பூர் பக்கம் திரும்புங்கள். அங்கே பல்கலைக்கழக விடுமுறை மே மாதமே தொடங்கிவிடுவதால் குறுகிய கால நிகழ்ச்சிகளும் முன்னதாகவே ஆரம்பிக்கின்றன. நான்கு வாரப் படிப்பு 30 நாள் சலுகைக்குள் அடங்கும். கோவையிலிருந்து நேராக விமானம் உண்டு. விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். பணம் கேட்கும் தளம் போலி. தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று என்பதால் அம்மாக்களுக்கு நிம்மதி. பிள்ளைகள் பாடு வேறு: 2,240 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டரோடு வளர்ந்த உடம்புக்கு அந்த ஊர்ப் புழுக்கம் முதல் வாரம் தலைவலியாகத்தான் இருக்கும்.

லண்டன் சம்மர் ஸ்கூலுக்கு விசிட்டர் விசா போதும். 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்ட் ஆனது. விண்ணப்பிக்கும் அன்று மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வரும். ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ, அதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி கெடு புறப்பட 15 நாள் முன். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இரண்டிலும் விரல் ரேகை கொடுக்கும் நாள் ஏப்ரல், மே தேர்வுகளுக்கு நடுவில் வந்து விழும். ஹால் டிக்கெட் அட்டவணையைப் பார்க்காமல் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டுப் பிறகு மாற்ற முடியாமல் தவிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்: செப்டம்பர்-டிசம்பர் தவிர வேறு பார்க்காதீர்கள்

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் மூன்று வழிகளில் மலிவானதும் இதுதான், கடினமானதும் இதுதான். மலிவு ஏனென்றால் இரண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் இருந்தால் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இங்கே கட்டும் கட்டணத்தோடு முடிந்தது. தங்கும் செலவும் சாப்பாடும் டிக்கெட்டும் மட்டும் நம் பொறுப்பு.

கடினம் மூன்று இடத்தில்.

முதலாவது, மறுபடியும் நாட்காட்டி. ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால வகுப்பு அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், தேர்வு அதற்குப் பின். நமக்கு ஐந்தாம் செமஸ்டர் நவம்பரில் முடிந்து ஆறாம் செமஸ்டர் டிசம்பரில் தொடங்கிவிடும். அதாவது அங்கே ஒரு செமஸ்டர் படிக்கப் போய் இங்கே இரண்டு செமஸ்டரைக் கெடுத்துக்கொள்வது. ஏப்ரல் முதல் ஜூலை வரை நடக்கும் அவர்கள் கோடை செமஸ்டரோ நேராக நம் ஏப்ரல் தேர்வின் தலையில் வந்து உட்காரும். மான்ஹைம் பல்கலைக்கழகம் இதில் விதிவிலக்கு: 2006 முதலே செப்டம்பர்-டிசம்பர், பிப்ரவரி-ஜூன் என்று மாற்றிக்கொண்டது. வணிக நிர்வாகத்துக்குப் பேர்போன இடமும்கூட. பிரிட்டனில் இலையுதிர்காலப் பருவமும், பிரான்சின் பிசினஸ் ஸ்கூல்களில் முதல் செமஸ்டரும், ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் முடியும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களும் ஏறத்தாழ இதே காலத்தில் வருகின்றன. ஐந்தாம் செமஸ்டருக்கு இவை பொருந்தும். மற்றதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

இரண்டாவது, பாடத்துக்குப் பாடம் பொருத்துவது. இங்கேதான் பி.காம். மாணவர்கள் ஏமாறுகிறார்கள். வருமான வரிச் சட்டம், ஜி.எஸ்.டி., கம்பெனிச் சட்டம் ஆகிய தாள்களுக்கு இணையான பாடம் மான்ஹைமிலும் இல்லை, மான்செஸ்டரிலும் இல்லை, இருக்கவும் முடியாது. அவை நம் நாட்டுச் சட்டம். அந்தத் தாள்களைத் திரும்பி வந்து அரியர் எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும். மார்க்கெட்டிங், மனிதவளம், ஆபரேஷன்ஸ், ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் ஆகியவை எங்கும் ஒன்றுதான், பி.பி.ஏ., எம்.பி.ஏ. மாணவருக்கு எளிதாகப் பொருந்தும். ஆகவே செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் பி.பி.ஏ.வுக்கு நல்லது, எம்.பி.ஏ.வுக்கு மிக நல்லது, பி.காம். மாணவர் சம்மர் ஸ்கூலோடு நிற்பது நல்லது. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

பொருத்தம் சரி என்றாலும் யார் கையெழுத்து போட வேண்டும் என்பது அடுத்த முடிச்சு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் போர்டு ஆஃப் ஸ்டடீஸும் (பாடத்திட்டக் குழு) தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் முடிவெடுக்கலாம். பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால், பிரின்சிபால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கிரெடிட்டை ஏற்பது பல்கலைக்கழகம். கோப்பு மலை இறங்கி கோவைக்குப் போய்த் திரும்ப வேண்டும். கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக வளாகத்திலேயே படிப்பவர்களுக்கு ஒரு மேசை குறைவு. எங்கே படித்தாலும், இந்தத் தாளுக்கு அங்கே இந்தத் தாள் என்று எதிரெதிரே எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட லேர்னிங் அக்ரிமென்ட் விமானம் ஏறும் முன் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே ஒரு கிரெடிட் என்பது வீட்டில் படிக்கும் நேரத்தையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இங்கே 15 மணி நேர வகுப்பு. எண்ணை எண்ணோடு ஒப்பிட முடியாது, தாளைத் தாளோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, விசா. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 20 வரை எண்ணினால் 111 நாள். ஷெங்கனின் 90 தாண்டிவிட்டது. அப்படியானால் ஜெர்மனிக்கு தேசிய விசா, 75 யூரோ. அதோடு தங்கும் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட, பிளாக்டு அக்கவுன்ட் என்னும் முடக்கப்பட்ட கணக்கு. 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ வீதம். ஐந்து மாதத்துக்கு 4,960. அந்தப் பணம் எங்கும் போகாது, மாதம் ஒரு பங்காக உங்களுக்கே திரும்பும். ஆனால் ஒரே நாளில் மொத்தமாகப் புரட்ட வேண்டும். போய் இறங்கி வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் வங்கிக் கணக்கு முதல் எல்லாமே நிற்கும். பிரான்சுக்கு அந்நாட்டின் மாணவர் சேர்க்கை அமைப்பான கேம்பஸ் பிரான்ஸ் வழியாக விண்ணப்பம், நேர்காணல், பிறகு நீண்ட கால விசா. இறங்கி மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிசெய்ய வேண்டும்.

பிரிட்டன் 111 நாளையும் ஆறு மாதத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. டி.பி. (காசநோய்) பரிசோதனையும் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவோருக்குத்தான். காகிதத்தில் இதுவே எளிது. சில பல்கலைக்கழகங்கள் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களை ஸ்டூடன்ட் விசாவில்தான் வரச் சொல்கின்றன. அப்போது பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடந்ததைக் காட்ட வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு. அழைப்புக் கடிதத்தில் எந்த வழி என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். காகிதம் எளிதாக இருப்பதால் பிரிட்டன் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. வாடகையில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

மலைக்காரர்களுக்கே உரிய மூன்று காகிதச் சிக்கல்

பெயர். மதிப்பெண் பட்டியலில் "மல்லிகா பி." என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் போஜன் என்றால் "மல்லிகா போஜன்" ஆகும், அல்லது குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு வெறும் "மல்லிகா" என்று எடுத்திருப்பார்கள். காலியாக விட்டதுதான் பின்னால் குடைச்சல். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில்லை. இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் இரண்டு கட்டத்தையும் நிரப்பியே எடுங்கள். சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். நீலகிரிக்கு கோவை மண்டல அலுவலகம், கொடைக்கானலுக்கு மதுரை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதுங்கள். அழைப்புக் கடிதம் "மல்லிகா பி." என்று வந்துவிட்டால் விசா மையத்துக்குப் போகும் முன் திருத்தி வாங்குங்கள்.

வருமானம். அப்பா சிறு தேயிலை விவசாயி. பச்சைத் தேயிலையை இன்ட்கோ (கூட்டுறவு) ஃபேக்டரிக்கோ தனியார் ஃபேக்டரிக்கோ கொடுக்கிறார். பச்சை இலை விற்ற வருமானம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை, ஆகவே ஐ.டி. ரிட்டர்ன் போட்டிருக்க மாட்டார். விசா விண்ணப்பத்தில் பெரும்பாலும் ரிட்டர்ன் கேட்பார்கள். இல்லை என்பதற்காகப் பயந்து ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, வராத வருமானத்துக்குப் புதிதாக ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள். ஃபேக்டரி மாதாமாதம் தரும் இலைக் கணக்குச் சீட்டை ஓராண்டுக்குச் சேர்த்து வையுங்கள். அதே தொகை வங்கிப் பாஸ்புத்தகத்தில் வரவாகியிருப்பதை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். பட்டா, சிட்டா நகலை இணைத்து, "எங்கள் வருமானம் விவசாய வருமானம், வரிக்கு உட்பட்டதல்ல" என்று ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன் சித்தப்பா போட்ட ஐந்து லட்சம் கணக்கில் திடீரென்று நிற்பதுதான் நிராகரிப்புக்கு நேர்வழி. அது கடனா, அன்பளிப்பா, எதை விற்று வந்தது என்று அவர் கையெழுத்தோடும் அவர் வங்கிக் கணக்கு நகலோடும் விளக்க வேண்டும். லாட்ஜ், ஹோம்ஸ்டே, சாக்லேட் கடை நடத்துகிறவர்கள் சீசன் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் ஆறு மாதம் முன்பிருந்தாவது வங்கியில் போடப் பழகுங்கள்.

நிலம். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை பிணை கேட்பதில்லை. அதற்கு மேல் சொத்து வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிய நிலத்துக்குப் பட்டா கிடையாது. தலைமுறையாக அனுபவித்தாலும் வங்கி ஏற்காது. அந்தக் குடும்பங்கள் பிணையில்லாத வரம்புக்குள் அடங்கும் வழியைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறை. செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் அதற்குள் அடங்கும். குறுகிய கால நிகழ்ச்சிகளுக்குக் கல்விக் கடன் கொடுக்கப் பல கிளைகள் தயங்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

பணம் அனுப்புவதில் ஒரு நுணுக்கம். ஸ்டடி டூரை டிராவல்ஸ் "பேக்கேஜ்" என்று பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். (பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அதே பணத்தை நீங்களே பல்கலைக்கழகத்துக்கு நேராக அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. வங்கியின் கல்விக் கடனிலிருந்து போனால் அறவே இல்லை. பிடித்தது யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர்தான் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க முடியும். ரிட்டர்னே போடாத அப்பாவின் பான் எண்ணில் பிடித்தால் அதற்காகவே ஒரு ரிட்டர்ன் போட வேண்டிவரும்.

உதவித்தொகையில் ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ்தான் குறுகிய காலத்துக்குப் பெரிது. தனியாக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரிக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்; கல்லூரியின் ஒருங்கிணைப்பாளரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை முதுநிலை, முனைவர் பட்டத்துக்கு மட்டும். இந்த மூன்று வழிக்கும் வராது.

புறப்பாடு

விசா அப்பாயின்ட்மென்ட் பெரும்பாலும் சென்னையில். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ், திண்டுக்கல்லில் பாண்டியன் எக்ஸ்பிரஸ், இரண்டும் விடியும்போது இறக்கிவிடும். அக்டோபர், நவம்பரில் என்றால் ஒரு நாள் முன்னதாகவே மலை இறங்கிவிடுங்கள். பர்லியாறு பக்கம் மரம் விழுந்தது என்று விசா மையத்தில் சொன்னால் எடுபடாது. ஏப்ரல், மே மாதங்களில் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள், ஐந்து வையுங்கள். இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். கீழேயிருந்து டாக்ஸி வரவழைப்பதாக இருந்தால் அந்த வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று முதல் நாளே கேளுங்கள்.

குளிர் உடைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஊட்டி திபெத்தியன் மார்க்கெட் ஸ்வெட்டரும் ஒரு தெர்மலும் போதும். அங்கே கட்டடத்துக்குள் சூடு போட்டிருப்பார்கள், ஊட்டி வீட்டுக்குள் இருப்பதைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும். காசு போட வேண்டியது நல்ல மழைக்கோட்டுக்கும் தண்ணீர் புகாத ஷூவுக்கும்.

டிசம்பரில் திரும்பிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். அங்கிருந்து டிரான்ஸ்கிரிப்ட் ஜனவரியிலோ பிப்ரவரியிலோதான் வரும். அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரடியாகப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும், நீங்கள் அனுப்பும் பி.டி.எஃப். செல்லாது. ஊர் திரும்பும் முன் அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் அலுவலகத்தில் அந்த முகவரியை எழுத்தில் கொடுத்து, யார் அனுப்புவார்கள் என்று ஒருவர் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆறாம் செமஸ்டர் ஹால் டிக்கெட் அச்சாகும் முன் ஐந்தாம் செமஸ்டர் மதிப்பெண் கணினியில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அங்கே பாஸான அத்தனை தாளும் இங்கே "ஆப்சென்ட்" என்று வரும்.